யானைக்குட்டிக்குக் கீழே மச்சான் பெயர்

மென்பொருள்காரனுக்குப் பணிவு தானாக வராது. நாலு பேர் பார்க்க அவமானப்பட்டால்தான் வரும். எனக்கு அது மூங்கில்துறைப்பட்டில், மகளின் காதணி விழா அன்று, பத்தடி பேனராக வந்தது.

பேனரை நானே வடிவமைப்பேன் என்று அடம்பிடித்தேன். (பதவி உயர்வு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. தலை தரையில் நிற்கவில்லை.) கள்ளக்குறிச்சி பேனர் கடைக்காரர் போனில் தன்மையாகத்தான் சொன்னார்.

"சார், பிடிஎஃப்பா அனுப்பிடுங்க. அப்படியே அடிச்சிடலாம்."

"அதெல்லாம் பழசுங்க. வெப் பேஜா அனுப்பறேன். எந்த சைஸுக்கும் அதுவே அட்ஜஸ்ட் ஆயிக்கும்."

"அதான் சார் பயமாகீது. அடிக்கறதுக்கு முன்னால ஒரு தபா பார்த்துடறீங்களா?"

"வேணாம். நேரா கொண்டாந்து கட்டிடுங்க."

அட்ஜஸ்ட் ஆனது. மேல் வரிசையில் படங்கள்: நான், மனைவி சுமதி, என் சித்தப்பா, சுமதியின் அண்ணன் ஏழுமலை, கடைசியில் அழகுக்கு ஒரு யானைக்குட்டி. கீழ் வரிசையில் பெயர்கள். நான் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு கடைக் கணினியில் இல்லை. அதுவாகப் போட்டுக்கொண்ட எழுத்து அகலம் ஜாஸ்தி. என் பெயரோடு நான் ஒட்டியிருந்த 'மூத்த மென்பொருள் பொறியாளர்' ஒரு கட்டத்தில் அடங்காமல் அடுத்த கட்டத்துக்குத் தாவ, எல்லாப் பெயரும் ஓர் இடம் தள்ளிப்போய்விட்டது.

சுமதிக்குக் கீழே என் பதவி. சித்தப்பாவின் முறுக்கு மீசைக்குக் கீழே 'திருமதி சுமதி'. மச்சான் படத்துக்குக் கீழே சித்தப்பா பெயர். யானைக்குட்டிக்குக் கீழே 'தாய்மாமன் ஏழுமலை'.

கரும்பு வெட்டும் ஆட்கள் யார் கொல்லைக்கு முதலில் வருவது என்று சண்டை போட்டு, மச்சானும் சித்தப்பாவும் நாலு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அந்த மச்சான் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். மணலூர்பேட்டையிலிருந்து சீர்வரிசையோடு வந்தவர், பேனரைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

"அந்தாளு பேர எம் மூஞ்சிக்குக் கீழ போட்டு, எம் பேர யானைக்கு வச்சிக்கீறாரு மாப்ள. நான் வூட்டுக்குப் போறன்."

"எங்கண்ணன் போனா நானும் போறேன்" என்றாள் சுமதி. ஊசியோடு காத்திருந்த ஆசாரி கடிகாரத்தைப் பார்த்தார். நான் வண்டிக்கு முன்னால் ஓடிப்போய் நின்று எழுத்துரு, அகலம், கட்டம் என்று விளக்கம் கொடுத்தேன். (வேறு எவனாவது அந்த நேரத்தில் விளக்கம் கொடுப்பானா?) அதற்குள் சித்தப்பாவும் மீசையைத் தடவிக்கொண்டே வந்துவிட்டார்.

"பேரு இன்னாடா கோழியா, தானா நவுந்து போறதுக்கு?"

"அதத்தான் மாமா நானும் கேக்கறன்" என்றார் மச்சான். "பேனரு கட்ட வந்த ஆளே சொல்றாரு. பிடிஎஃப் கேட்டதுக்கு இவருதான் மாட்டன்னாராம்."

நாலு வருடம் கழித்து வந்த 'மாமா'. சித்தப்பா மீசையிலிருந்து கையை எடுத்தார்.

"எறங்கு ஏழுமல. இவன் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்."

இருவரும் என்னைத் திட்டிக்கொண்டே ஒன்றாகப் பந்தலுக்குள் போனார்கள். காது குத்தும்போது மகள் அழுதாள். நிம்மதியில் நானும் அழுதேன்.

மறுநாள் கடைக்குப் போய், பிடிஎஃப் மட்டும் எப்படி நகராமல் நிற்கிறது என்று கேட்டேன். "எழுத்தையும் கூடவே மூட்ட கட்டிக்கினு வந்துடும் சார். ஒவ்வொரு எழுத்துக்கும் எடம் குறிச்சி வச்சிருக்கும்" என்றார். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றிலிருந்து, பிறர் கைக்குப் போய் மாறக்கூடாத எதையும் நான் பிடிஎஃப்பாகத்தான் அனுப்புகிறேன்.

ஊருக்கு வருகிறேன் என்று போனில் சொன்னால், "இது வெப் பேஜ் பேச்சா, பிடிஎஃப் பேச்சா மாப்ள?" என்று மச்சான் கேட்காமல் விடுவதில்லை. அந்த பேனர் இன்றும் அவருடைய டிராக்டரை மழைக்கு மூடிக் கிடக்கிறது, யானைக்குட்டி பக்கம் ரோட்டுக்குத் தெரிகிற மாதிரி.