சொட்டு உடைந்தால் மிரர்லெஸ்

கெர்கினி ஏரிக்கு அந்தக் குளிர்காலத்தில் வந்த கூழைக்கடாக்களைவிடக் காபிக்கடைக்கு வந்த கூட்டம்தான் அதிகம். பறவைகளாவது மீனுக்காக வந்தன. மனிதர்கள் வந்தது தங்களுக்கு விதிக்கப்பட்ட காமிரா எது என்று தெரிந்துகொள்ள. ஆமாம், காமிராவுக்கும் விதி உண்டாம். பார்த்தேனிஸ் சொல்லிவிட்டார்.

யார் இந்தப் பார்த்தேனிஸ்? செர்ரெஸ் நகரத்தில் ஃப்ரிட்ஜ் விற்று, அவை குளிராததால் கடையை மூடியவர். ஒரு வருடம் தாடி வளர்த்தார். ஞானியாகத் திரும்பி வந்தார். கண்ணேறு கழிக்கத் தண்ணீரில் எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதை அவர் காமிராவுக்குக் கொண்டுபோனார். சொட்டு முழுசாக நின்றால் உங்களுக்கு சூப்பர் ஜூம். அதில் நீளமான லென்ஸ் ஒன்றே ஒன்று, காமிராவோடு ஒட்டியே வரும். சொட்டு உடைந்தால் மிரர்லெஸ். அதில் லென்ஸைக் கழற்றி மாட்டலாம். எத்தனை துண்டாக உடைகிறதோ அத்தனை லென்ஸ் வாங்க வேண்டும். விதியை மீறி மாற்றி வாங்கினால்? படத்தில் தலை விழாது, வீட்டில் பால் திரியும், பெண்டாட்டி முறைப்பாள். கடைசி வாக்கு மட்டும் எல்லாருக்கும் தவறாமல் பலித்தது.

காமிரா வாங்க எங்கேயும் அலைய வேண்டாம். வாசலிலேயே லாம்ப்ரோஸின் வேன் நின்றது. லாம்ப்ரோஸ் பார்த்தேனிஸின் தங்கை மகன். எல்லாம் தற்செயல்!

போன சனிக்கிழமை வந்தவர்களுக்கெல்லாம் சொட்டு முழுசாக நின்றது. சாயங்காலத்துக்குள் வேனில் இருந்த சூப்பர் ஜூம் பெட்டிகள் காலி. இந்தச் சனிக்கிழமை வேனில் கூரை வரை மிரர்லெஸ் பெட்டிகள். எல்லாருக்கும் சொட்டு உடைந்தது. விதிக்கு வியாபாரம் நன்றாகவே தெரியும்.

அன்று வரிசையில் சரான்டிஸும் நின்றான். பறவை பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிப் போவது அவன் பிழைப்பு. அந்தப் படகை விட்டால் அவனுக்கு வேறு சொத்து கிடையாது. படகில் வருகிறவர்கள் முழ நீள லென்ஸோடு வருவார்கள். அவனிடம் இருந்தது போன் மட்டும். அவன் எடுத்த கூழைக்கடாப் படத்தைப் பார்த்து ஒரு அம்மாள், "இது பறவையா, தலையணையா?" என்று கேட்டுவிட்டாள். அது அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. நாணலுக்கு அந்தப் பக்கம் ஒரு கழுகு கூடு கட்டியிருந்தது. அதைப் படம் எடுத்து, இந்தக் காபிக்கடைச் சுவரிலேயே மாட்ட வேண்டும் என்பது அவன் வெறி.

"பேரு?" என்றார் பார்த்தேனிஸ்.

"சரான்டிஸ்ங்க. போன மாசம் என் படகுலதானே வந்தீங்க?"

"ஞானம் உள்ள வர்றப்போ பழசெல்லாம் வெளிய போயிடும் தம்பி. உக்காரு."

உடனே பார்த்தேனிஸ் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். கண்ணேறு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய கொட்டாவி வரும் என்பது ஊர்க் கணக்கு. மத்தியானம் அவர் ஒரு புட்டி சிப்பூரோ சாராயத்தைக் காலி செய்ததை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு பையிலிருந்து நீலக் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார். அந்த விரலால் தண்ணீரில் சிலுவை போட்டார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, எண்ணெயைச் சொட்டினார். சொட்டு மூன்றாகத் தெறித்து ஓடியது.

"மூணு லென்ஸ்!" என்றது கூட்டம்.

"உனக்கு ராஜயோகம் தம்பி," என்றார் பார்த்தேனிஸ்.

சரான்டிஸின் முகம் விழுந்தது. "அவ்வளவு பணத்துக்கு நான் எங்கய்யா போவேன்?"

லாம்ப்ரோஸ் அவன் தோளில் கை போட்டான். "பணம் எதுக்குண்ணே? படகு இருக்குல்ல? அதை நான் எடுத்துக்கறேன்."

சரான்டிஸ் படகுச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான். ஒரு விரல் மட்டும் சாவியை விட மறுத்தது. ஆனால் எதிரே விதி மூன்று துண்டாக மிதக்கிறதே!

தேன் விற்கும் தியோஹாரிஸுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "படகைக் குடுத்துட்டா கழுகுகிட்ட எப்படிப் போவான்? நீந்தியா?"

"தண்ணி புகாத பை இருக்கு. லாம்ப்ரோஸ்கிட்டயே கிடைக்கும்," என்றார் ஞானி.

தியோஹாரிஸ் திருப்தியாகத் தலையாட்டினான்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. சரான்டிஸின் மனைவி ஸ்மாரோ நின்றாள். நீலக் கைக்குட்டை, மூன்று துண்டுச் சொட்டு, படகு என்று சேதி கேட்டதும் கழுவ எடுத்த எருமைக்கறிச் சட்டியோடு ஓடி வந்திருக்கிறாள். அந்தக் காபிக்கடையில் பெண்கள் கால் வைக்கிற வழக்கமில்லை. சட்டியைப் பார்த்த பிறகு வழக்கத்தை நினைவூட்ட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

"யோவ் சரான்டி, சாவியை எடு."

"விதி ஸ்மாரோ... மூணா உடைஞ்சிருக்கு..."

"உன் மண்டை உடையறதுக்குள்ள எடுன்னேன்." அவள் பார்த்தேனிஸ் பக்கம் திரும்பினாள். "ஐயா, இவருக்கு இன்னொரு தடவை பாருங்க. விதி நிசம்னா ரெண்டாவது தடவையும் மூணாத்தானே உடையும்? ஆனா கையைக் கழுவிட்டு வாங்க. கைக்குட்டை வேண்டாம்."

"தெய்வ காரியத்தைச் சோதிக்கக் கூடாதும்மா! சொட்டுக்குக் கோவம் வரும்!"

"சொட்டுக்குத்தானே? வரட்டும். நான் சமாதானம் பண்ணிக்கறேன்."

அவள் ஒரு கிண்ணத்தில் புதுத் தண்ணீர் ஊற்றினாள். கணவன் பெயரை உரக்கச் சொல்லி எண்ணெயைச் சொட்டினாள். சொட்டு அம்மிக்கல் மாதிரி அசையாமல் நின்றது. கூட்டம் கிண்ணத்தை எட்டிப் பார்த்தது. அடுத்து, அந்த நீலக் கைக்குட்டையை வெடுக்கென்று பிடுங்கி, அதன் நுனியால் தண்ணீரைத் தொட்டாள். சொட்டு சிதறிக் கிண்ணத்தின் ஓரத்துக்கு ஓடியது.

"ஐயோ, விதி மாறிடுச்சு!" என்றான் தியோஹாரிஸ்.

"விதியும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல." ஸ்மாரோ கைக்குட்டையைச் சட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றி, பரபரவென்று தேய்த்தாள். நுரை பொங்கி மேஜைமேல் வழிந்தது. மூன்று நாள் எருமைக்கொழுப்பு கழன்று, சட்டி பளபளத்தது. "பாத்திரம் கழுவுற சோப்புய்யா! சோப்பு பட்டா எண்ணெய் ஓடும். வீட்டுல ஒருத்தனாவது ஒரு தட்டு கழுவியிருந்தா இது தெரிஞ்சிருக்கும்."

அத்தனை ஆண்களும் சட்டியையே பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் தட்டு கழுவிய கை ஒன்றுகூட இல்லை. பார்த்தேனிஸின் அற்புதம் அந்தக் காபிக்கடையில் இத்தனை நாள் ஓடியதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

வாசலில் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. லாம்ப்ரோஸ் மாமனைக்கூட ஏற்றிக்கொள்ளவில்லை. தாடி பறக்க வேனுக்குப் பின்னால் ஓடிய ஞானிக்கு அன்று கொட்டாவியே வரவில்லை.

சரான்டிஸ் சாவியை மேஜையிலிருந்து எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவமானத்தில் காது சிவந்திருந்தது. "அப்போ எனக்கு எதுதான் சரி?"

"நீ எதைப் படம் எடுக்கப் போறே?" என்றாள் ஸ்மாரோ. இத்தனை சனிக்கிழமைகளில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

"கழுகுக் கூடு."

"கிட்டப் போக முடியுமா?"

"முடியாது. பறந்துடும்."

"ஆடுற படகுல, தண்ணி தெறிக்கறப்போ, லென்ஸைக் கழட்டி மாட்டுவியா?"

"ஏரியில போட்டுடுவேன்."

"அப்போ லென்ஸ் ஒட்டியே வர்றதே போதும். விடியக்காலை மங்கல்ல படம் புள்ளி புள்ளியா வரும், பொறுத்துக்க. இருட்டுல கல்யாணம், கோயில்னு எடுக்கறவன் மாத்துற லென்ஸ் வாங்கிக்கட்டும். காசு சேரட்டும், பாத்து வாங்கலாம்."

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"நம்ம படகுல வர்றவங்ககிட்ட கேட்டேன். கேட்டா சொல்றாங்கய்யா!"

சரான்டிஸுக்குப் பல நாளுக்குப் பிறகு சிரிப்பு வந்தது. அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. இருவரும் கிளம்பும்போது தியோஹாரிஸ் பயபக்தியோடு தொப்பியைக் கழற்றிக்கொண்டு குறுக்கே வந்தான். அவனுக்குப் பின்னால் அதற்குள் ஒரு வரிசையே நின்றது.

"ஸ்மாரோ, உன் கை ராசியான கை. அந்தச் சட்டியில எனக்கும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துச் சொல்லேன்."

ஸ்மாரோ சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்த வரிசையை ஒருமுறை முழுசாகப் பார்த்தாள்.

"லென்ஸ் மூடியைக் கழட்டினாத்தான் படம் விழும்னு உங்க எல்லாருக்கும் தெரியுது. தலைக்குப் போட்டிருக்கற மூடியை எப்போய்யா கழட்டப் போறீங்க?"