கழற்றி மாட்டும் கொக்கி

முத்துகுமரனின் காரில் யாரோ ஓர் ஆட்டைக் கட்டியிருந்தார்கள்.

கார் நின்றது தென்காசியில், அவன் வீட்டு வாசலில். ஆட்டின் கயிற்றை முடிச்சுப் போட்டிருந்தது, பம்பருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கொக்கியில். போன வாரம்தான் வேல்ராஜின் பட்டறையில் அதை வெல்டிங் வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

"மதினி, இது யாரு வேலை?" என்று அடுத்த வீட்டுக் குருவம்மாளைக் கேட்டான்.

"என் வேலைதான் கொழுந்தனாரே. வேலிக்கம்புல கட்டுனா பிடுங்கிட்டு ஓடுது. இது நல்லா கெட்டியா இருக்கு. எப்பவும் இங்கனயேதான இருக்கும்?"

"எப்பவும் இருக்கும். அதுதான் எனக்கும் கவலை."

கவலைப்படுவது முத்துகுமரனுக்குக் கைவந்த கலை. கத்தரிக்காய் வாங்கப் போனால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து அவன் முடிவெடுப்பதற்குள் கடைக்காரரே சாப்பிடப் போய்விடுவார். அப்படிப்பட்டவனிடம் யோகலட்சுமி ஒரு பொறுப்பைக் கொடுத்திருந்தாள்.

யோகலட்சுமி அவன் மனைவி. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். மற்றவர்கள் பிள்ளைகளுக்கு வகுத்தலும் பெருக்கலும் சொல்லிக்கொடுத்தே ஆயுசு கழிந்துவிடும் என்று பயந்து, இந்த வருஷம் வேலையை விட்டுவிட்டாள். ஜன்னல் வைத்த சின்னச் சமையலறை மாதிரி ஒரு டிரெய்லர் வாங்கினாள். குற்றாலச் சாரல் சீசனுக்கு ஐந்தருவியில் இடமும் பிடித்தாள். மிளகாய் பஜ்ஜி, வாழைக்காய் பஜ்ஜி, சுக்குக் காப்பி. எல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள். காருக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டி ஐந்தருவியில் கொண்டுபோய் நிறுத்துவது மட்டும் முத்துகுமரனின் வேலை.

முதல் சனிக்கிழமை வியாபாரம் படுத்துவிட்டால் திங்கட்கிழமை அவள் மறுபடி பள்ளிக்கூடம் போக வேண்டும். அதுவரைக்கும்தான் அவள் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னபோது அவள் முகம் இருந்த இருப்பை முத்துகுமரனால் இன்னும் மறக்க முடியவில்லை.

ஆட்டுக்கு அடுத்தபடியாகக் கொக்கியில் மாட்டியவை மனிதக் கால்கள். பால்காரர் முட்டிக்கொண்டார். கேபிள்காரர் முட்டிக்கொண்டார். மூன்றாவதாக யோகலட்சுமியே முழங்காலுக்குக் கீழே வீங்கி வந்து உட்கார்ந்தாள்.

"எம்மா! காரு தூங்கும்போதுகூட கொம்ப நீட்டிக்கிட்டே இருக்கணுமா?"

அன்று சாயங்காலமே அவன் பட்டறைக்குப் போனான்.

"அண்ணாச்சி, அப்பம் கழத்தி மாட்டுறதுதான் ஒங்களுக்குச் சரி" என்றான் வேல்ராஜ். "கோயம்புத்தூர்ல இருந்து வரவழைக்கணும். வேணுங்கிறப்ப மாட்டலாம். வேண்டாம்னா கழத்தி உள்ள வச்சிரலாம்."

"இழுக்கும்போது கழண்டுட்டா?"

"கழலாது."

"வேணுங்கிறப்ப கழலும், வேண்டாதப்ப கழலாது. அது எப்படி வேலு அதுக்குத் தெரியும்?"

வேல்ராஜ் கோயம்புத்தூருக்குப் போன் போட்டான். வாஸ்தவத்தில் அது நல்ல கேள்வி.

பழைய கொக்கியை அறுத்தெடுத்துப் புதியதைப் பொருத்திய நாளில் பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றது. காருக்கடியில் ஒரு துவாரம். அதில் கொக்கியைச் செருகி வேல்ராஜ் லேசாகத் திருப்பினான். டக். முத்துகுமரன் இரண்டு கையாலும் இழுத்தான். கார் ஆடியது, கொக்கி அசையவில்லை. சாவியைப் போட்டுத் திருகினான். அவ்வளவு இரும்பும் சமத்தாகக் கழன்று அவன் மடிக்கு வந்துவிட்டது. உச்சியில் பளபளவென்று ஓர் உருண்டை. அதில் அவன் முகம் தெரிந்தது.

முத்துகுமரனுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. மனிதன் என்னவெல்லாம் கண்டுபிடித்து வைத்திருக்கிறான்!

அன்றிலிருந்து ஆரம்பித்தது அடுத்த தொல்லை. கழற்றக்கூடிய பொருளைத் திருடவும் முடியும் அல்லவா? எனவே காரை எங்கே நிறுத்தினாலும் கொக்கியைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு நடந்தான். தென்காசியில் அவன் வேலை பார்த்த வங்கிக்கும் அது போயிற்று. பணம் எடுக்க வந்தவர்கள் கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை மானேஜர் விஜயசங்கரே எழுந்து வந்தார்.

"என்னய்யா இது, ஆயுதம் மாதிரி? ஆளுக பயந்துரப்போறாவ. அந்தப் பீரோல வச்சுப் பூட்டும்."

பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று. வங்கியே பாதுகாக்கிறது என்ற நிம்மதியில் முத்துகுமரன் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினான்.

சனிக்கிழமை காலை யோகலட்சுமி மாவைக் கரைத்து, அடுப்பையும் எண்ணெயையும் டிரெய்லரில் ஏற்றிவிட்டுக் கூப்பிட்டாள். "என்னங்க, மாட்டுவமா?"

முத்துகுமரனுக்கு அப்போதுதான் மஞ்சப்பை ஞாபகம் வந்தது. அது மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை. வங்கி விடுமுறை. பீரோ சாவி மானேஜரிடம். மானேஜர், குடும்பத்தோடு பண்பொழித் திருமலைக் கோயிலில்.

யோகலட்சுமி திட்டவில்லை. கரைத்த மாவை மூடி வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

அவன் பண்பொழிக்குப் பறந்தான். மலையேறினான். சுவாமி அபிஷேகத்தில் இருந்தார், மானேஜர் சுவாமியின் முன்னால் இருந்தார். தீபாராதனை முடிந்து, பிரசாதம் வாங்கி, அவரையும் அவர் மாமியாரையும் கீழே இறக்கிக் காரில் ஏற்றித் தென்காசி கொண்டுவந்து பீரோவைத் திறப்பதற்குள் சீசன் கூட்டம் முழுவதும் குற்றாலத்துக்குப் போய்விட்டது போல் அவனுக்குத் தோன்றியது.

ஒருவழியாகக் கொக்கி மாட்டியது. அதன் உருண்டைமேல் டிரெய்லரின் கிண்ணம் கச்சிதமாக உட்கார்ந்தது. யோகலட்சுமி ஸ்கூட்டியில் பின்னால் வந்தாள்.

சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. ஐந்தருவிக்குப் போகும் சாலையில், பாதி வழியில் போலீசார் வண்டிகளையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று பார்க்க இறங்கிய முத்துகுமரன் மேற்கே நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் பார்த்தபடி நின்றான்.

மேகம் விலகி மலை முழுவதும் தெரிந்தது. நேற்றுவரை கறுப்பாக இருந்த பாறைகளிலெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை தொலைவிலும் அந்த இரைச்சல் நெஞ்சுக்குள் கேட்டது. பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான். ஆனாலும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கொக்கி, பீரோ, மானேஜர், மாமியார் எல்லாம் மறந்துபோயின. நாலைந்து கார்களுக்கு முன்னால் போய், வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

எதிரே வந்த வண்டிகள் போனதும் விசில் சத்தம் கேட்டது. ஓடிவந்து ஏறிக் காரைக் கிளப்பினான்.

என்ன ஆச்சரியம்! கார் பஞ்சாகப் பறந்தது. மேட்டில் திணறவில்லை. வளைவில் ஆடவில்லை. சாரல் படிந்த பின்கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லைதான். ஆனால் பின்னால் ஒரு சமையலறை வருகிறது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

"கொக்கின்னா இது கொக்கி!" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தான்.

ஐந்தருவியில் ஆளே இல்லை. ஐந்து கிளைகளும் சேர்ந்து ஒரே அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தன. கயிறு கட்டிக் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் மாரிராஜ் கையை ஆட்டினார்.

"குளிக்கத் தடை அண்ணாச்சி. வெள்ளம். திரும்பிருங்க."

"குளிக்க வரலைய்யா. கடை போட வந்திருக்கேன்."

"எந்தக் கடை?"

முத்துகுமரன் இறங்கி, பெருமையோடு பின்பக்கம் கையைக் காட்டித் திரும்பினான். கொக்கி இருந்தது. உருண்டை மழையில் மின்னியது. அதற்குப் பின்னால் சாலைதான் இருந்தது.

வழியில் கழன்றுவிட்டதா? அந்தச் சரிவில் டிரெய்லர் தானாக உருண்டால்? பின்னால் ஸ்கூட்டியில் வந்தது யோகலட்சுமி அல்லவா! போன் செய்தான். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. காரைத் திருப்பி, வழியெல்லாம் திருமலைக் குமாரசாமியைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினான். கடையும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம், அவள் மட்டும் முழுசாக இருந்தால் போதும்.

வண்டிகளை நிறுத்தியிருந்த அதே இடத்தில், சாலையோரக் காலி மனையில் பெருங்கூட்டம். கூட்டத்தைப் பார்த்ததும் காரிலிருந்து குதித்தான். "யோகா!" என்று அலறிக்கொண்டு உள்ளே புகுந்தான்.

"ஏலே, வரிசையில வா!" என்று நாலு குரல்கள் அதட்டின.

டிரெய்லரின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே யோகலட்சுமி மிளகாய் பஜ்ஜியை எண்ணெயிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தாள். அருவியில் குளிக்க முடியாமல் திரும்பிய தமிழ்நாடும் பாதிக் கேரளமும் ஈரச் சாரலில் கையை நீட்டிக்கொண்டு நின்றன.

"வந்துட்டியளா? அந்த வாழைக்காயைச் சீவுங்க" என்றாள்.

அவன் அழுதுகொண்டே சீவினான். சீவிக்கொண்டே மன்னிப்புக் கேட்டான். "எல்லாம் என் தப்பு யோகா. கழலுற சாமானை நம்பிட்டேன். திங்கக்கிழமையே பழையபடி வெல்டிங் வச்சிருதேன்."

"வைங்க" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

மாலைக்குள் மாவு தீர்ந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு தாளாளருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வரவில்லை, இனிமேலும் வரப்போவதில்லை என்று சொன்னாள். முத்துகுமரன் அவளை, காலையில் மலையைப் பார்த்ததுபோல் பார்த்தான். போனை வைத்துவிட்டு அவள் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு போனாள்.

அவன் கார்ப் பக்கம் வந்து கொக்கியை முறைத்தான். "இந்தச் சவத்தால என் குடும்பமே போயிருக்கும்" என்று காலால் ஓர் உதை விட்டான்.

பாவூர்சத்திரத்துக் காய்கறி டெம்போ ஓட்டும் நாசர், கடைசி பஜ்ஜியை மென்றபடி பக்கத்தில் நின்றிருந்தார். காலை நெரிசலில் அவர் டெம்போ யோகலட்சுமிக்கு நேர் பின்னால் நின்றது.

"அதை எதுக்கு அண்ணாச்சி மிதிக்கிய?" என்றார் நாசர். "அருவியில தடைன்னு போலீஸ் சொன்னதும், நீங்க மலையப் பாத்துக்கிட்டு நின்னப்ப டிரெய்லரைக் கழத்துனது அக்காதான்; நாந்தான் ஒரு கை பிடிச்சுத் தள்ளினேன். 'அவுகளையும் ஒரு வார்த்தை கேளுங்கக்கா'ன்னேன், 'கேட்டா அவுக முடிவு சொல்லுததுக்குள்ள சீசனே முடிஞ்சிரும்'னுட்டாவ."