அணுகுண்டின் மேல் நர்சம்மா

"தீபாவளியன்னைக்கு நர்சம்மா மூஞ்சியில ஊரே தீ வைக்கணும்ங்கிறீகளா?"

மனைவி செல்லக்கனி இப்படிக் கேட்ட பிறகுதான் வெள்ளைத்துரைக்கு உறைத்தது. கையிலிருந்த அணுகுண்டு வெடியைத் திருப்பிப் பார்த்தார். புத்தம் புது லேபிளில், ரோஜாப்பூ வட்டத்துக்குள், சுகாதார மந்திரி ஞானதீபம் அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார். திரி சரியாக அவருடைய உச்சந்தலையில் முளைத்திருந்தது.

விஸ்வநத்தத்தில் வெள்ளைத்துரையின் பட்டாசுக் கம்பெனி சின்னது. அவர் மனசிலிருந்த நன்றி பெரிது. ஐம்பதாம் வருஷம், கொட்டுகிற மழையில், டாக்டர் வந்து சேராத வேளையில், நனைந்த சேலையோடு வீட்டுக்குள் நுழைந்து அவருடைய மூன்றாவது பிள்ளையை முழுசாகக் கையில் கொடுத்தவர் அந்த அம்மாள். அப்போது விருதுநகரில் இளம் நர்ஸ். அப்புறம் நகரசபைக்கு நின்றார், சட்டசபைக்குப் போனார், இப்போது மந்திரி. இன்றைக்கு ஊரில் பிரசவ ஆஸ்பத்திரியைத் திறந்துவைத்துவிட்டு, வெள்ளைத்துரை வீட்டில் காப்பி சாப்பிட வருவதாக அவரே சொல்லியனுப்பியிருந்தார்.

அந்தக் கைகளுக்கு வெறும் காப்பியா? அதனால்தான் லேபிள்.

"வெடிச்சா துண்டு துண்டாத் தெருவில கெடப்பாக. போறவன் வாரவனெல்லாம் மிதிப்பான்," என்றாள் செல்லக்கனி.

"ஏலே காசி! மிச்ச லேபிளையெல்லாம் ராக்கெட்டுல ஒட்டுலே!"

போர்மேன் காசிராஜன் தலையைச் சொறிந்தான். "ராக்கெட்டு சர்ருன்னு மேல போகும் மொதலாளி. அப்புறம் குச்சியோட கீள விளுமே. பதவியில இருக்கவுகளுக்கு நல்லாவா இருக்கும்?"

"சரி, சங்குசக்கரம்?"

"நின்ன எடத்துலயே சுத்துறாகன்னு எதிர்க்கட்சிக்காரன் சொல்லுவான்."

"பூச்சட்டி?"

"கொஞ்ச நேரம் சொலிச்சிட்டு அணைஞ்சிரும்."

"பாம்பு மாத்திரை?"

காசிராஜன் வாயைப் பொத்திக்கொண்டான். மந்திரியின் வாயிலிருந்து கறுப்பாக நெளிந்து வருவதை இருவரும் ஒரே நேரத்தில் மனசுக்குள் பார்த்துவிட்டார்கள்.

ஒட்டியதை ஈரத்துணியால் துடைத்து உரிக்கச் சொன்னார் வெள்ளைத்துரை. பசை நல்ல பசை. ஒரு வெடியில் மந்திரியின் மூக்கு மட்டும் மிஞ்சியது. இன்னொன்றில் ஒற்றைக் கண் முறைத்தது.

"இதுக்கு அதுவே தேவலைலே! செவப்பு மையைப் பூசி மறை!"

பூசினார்கள். கூடை நிறைய ரத்தக்களரியானது.

வாசலில் கார் வந்து நின்றது.

கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே கும்பிடப் போனார் வெள்ளைத்துரை. இரண்டு கையும் கும்பிட்டன, கூடை கவிழ்ந்தது. உருண்டோடிய வெடிகளில் ஒன்று மந்திரியின் செருப்பருகே போய் நின்றது. அதில் மட்டும் முகம் முழுசாக இருந்தது.

ஞானதீபம் அம்மாள் குனிந்து எடுத்தார். பார்த்தார். திரி பற்றிக்கொண்டதைப்போலக் காசிராஜன் பின்வாங்கினான்.

"நன்றி சொல்லத்தாம்மா..." வெள்ளைத்துரை மை அப்பிய விரல்களை வேட்டியில் துடைத்தார். "வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அன்னைக்கு நீங்க வரலைன்னா இவளும் இல்ல, பிள்ளையும் இல்ல."

மந்திரி சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் முட்டியது.

"போடுங்க அண்ணாச்சி, அணுகுண்டுலயே போடுங்க. சட்டசபையில நான் எம்புட்டுக் கத்தியும் இது போடுற சத்தம் வந்ததில்ல."

பிறகு அவரைத் தாண்டிப் போய், அடுப்படி வாசலில் நின்ற செல்லக்கனியின் கைகளைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். காப்பி ஆறுகிறவரை விடவில்லை.

கார் புறப்பட்டதும் வெள்ளைத்துரை மனைவியிடம் வந்தார். "நன்றி சொல்ல வேண்டியவுக நாம. அவுக ஏன் புள்ள உன் கையைப் பிடிச்சு அழுறாக?"

செல்லக்கனி தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"அவுக தனியாப் பாத்த மொதப் பிரசவம் அதுதானாம். கையெல்லாம் நடுங்கி, 'எனக்கு இந்த வேலையே வேண்டாம், ஊருக்குப் போறேன்'னு கதவுக்குப் பின்னால ஒரே அழுகை. 'அழாதீக நர்சம்மா, எனக்கு இது மூணாவது, நான் சொல்லச் சொல்லச் செய்யுங்க'ன்னு நாந்தான தேத்தி, பிரசவம் பாக்க வச்சேன்!"