வீட்டுக் கணினிப் பாதுகாப்புப் பதிவேடு

கோட்டை கொத்தளங்களைக் காத்தவர்களை வரலாறு கொண்டாடுகிறது. கூடத்து மூலையில் இருந்த ஒரு கணினியை இரண்டு குழந்தைகளிடமிருந்து காத்த மாவீரருக்கோ ஒரு முட்டுச் சந்தில்கூடச் சிலை இல்லை. உலகம் நன்றி கெட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அந்த மாவீரர் ஒரு பெரிய அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் கண்காணிப்பாளர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். அவர் மேசைக்கு வந்த எந்தக் காகிதமும் அவர் கையெழுத்து இல்லாமல் திரும்பியதில்லை. எதையும் அவர் படித்ததும் இல்லை. படிக்க ஆரம்பித்தால் வேலை நடக்காது என்பது அவர் கண்ட தொழில் ரகசியம்.

வீட்டில் இருந்தது ஒரே கணினி. அதில் அவர் மனைவி முதல் வகுப்புப் பாடநூலுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். நாற்பது படம், நாலு மாத உழைப்பு. திங்கட்கிழமை காலை ஒப்படைக்க வேண்டும். அட்டையின் உள்பக்கத்தில் அவள் பெயர் அச்சாகப் போகிறது, வாழ்க்கையில் முதல் தடவையாக. இந்தப் 'பொழுதுபோக்கை' கண்காணிப்பாளர் பெருந்தன்மையோடு அனுமதித்திருந்தார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு மூன்று வாரம் முன்னால் அவர்களுடைய நாலு வயது மகன், வீட்டில் வைத்த பெயர் வாண்டு, கீபோர்டுக்குப் பசிக்குமே என்று அரை டம்ளர் பால் ஊட்டினான். கீபோர்டு மாண்டது. கடைக்குப் போய்ப் புதிது வாங்கி மாட்டினால் முடிந்தது. அற்ப மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள். கண்காணிப்பாளர் கூட்டம் கூட்டினார்.

"இன்னையிலேர்ந்து இந்தக் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்புத் திட்டம் அமலுக்கு வருது," என்றார், சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம் நின்றபடி. "பிரிவு ஒன்று. சிறுவர்கள் மூணு அடிக்குள்ள வரக் கூடாது."

"இந்தச் சாப்பாட்டு மேசையே ரெண்டடியிலதாங்க இருக்கு," என்றாள் மனைவி.

"அப்ப சிறுவர்கள் அடுக்களையில சாப்பிடட்டும். பிரிவு ரெண்டு. வெளியிலேர்ந்து எதையும் அதுல சொருகக் கூடாது. உன் பென் டிரைவைக் கொடு, பீரோவுல வெச்சுப் பூட்டணும்."

"அய்யோ, பால் கொட்டினதும் பயந்துபோய் நேத்துதாங்க அதை வாங்கினேன். படத்தையெல்லாம் இன்னொரு காப்பி எடுத்து வைக்கலாம்னு!"

"ஒரு ஆவணத்துக்கு ரெண்டு காப்பி இருந்தா, எது அசல்னு யாரு பதில் சொல்றது? நானா?"

வாண்டு கையைத் தூக்கினான். "அப்பா, ஒண்ணுக்கு!"

இது கூட்டக் குறிப்பில் ஏற்றப்படவில்லை.

பிரிவு மூன்றுதான் திட்டத்தின் உயிர்நாடி: பதிவேடு. கணினிக்கு எந்த ஆபத்து நேர்ந்தாலும் யார் செய்தது, என்ன செய்தது என்று அன்றைக்கே எழுத வேண்டும். சாயங்காலம் கண்காணிப்பாளர் பார்வையிட்டு முத்திரை குத்துவார். எழுதும் பொறுப்பு ஏழு வயது மகளுக்கு. முத்து முத்தான கையெழுத்து அவளுக்கு.

"யாரு செஞ்சாலும் எழுதணுமாப்பா?"

"யாரு செஞ்சாலும்! தம்பியாச்சேன்னு பாவம் பார்க்காதே. நான் கையெழுத்துப் போட்டுட்டா, மேற்கொண்டு ஆக வேண்டியதை நான் பார்த்துக்குவேன்."

திட்டம் ஜாம் ஜாமென்று நடந்தது. புதிதாக வாங்கிய கீபோர்டுக்குப் பிளாஸ்டிக் உறை. மவுஸை மேசைக் காலில் கயிறு போட்டுக் கட்டியாயிற்று. கடவுச்சொல் தினமும் மாறும். மனைவி அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்பாள்.

"பாஸ்வேர்டைச் சொல்லுங்க, வேலை கிடக்கு."

"போன்ல சொல்றதா? ரகசியம்மா! சாயங்காலம் வந்து காதுல சொல்றேன்."

வெள்ளிக்கிழமை மனைவி கடைக்குப் போயிருந்தாள். கண்காணிப்பாளர் தம் திருக்கரத்தாலேயே வாராந்திரத் 'தூய்மைப் பணி'யில் இறங்கினார். 'யானை' என்றொரு கோப்புறை கண்ணில் பட்டது. திறந்தால் குடை பிடித்த யானை, செருப்புப் போட்ட அணில், சைக்கிள் ஓட்டும் தவளை.

"பார்த்தியா வாண்டு பண்ணின அட்டகாசத்தை! கம்ப்யூட்டர் பூராக் கிறுக்கி வெச்சிருக்கான்," என்றார், பதிவேட்டோடு நின்ற மகளிடம்.

"அப்பா, வேண்டாம்ப்பா, அது அம்மா..."

"குறுக்கே பேசாதே. எதுவா இருந்தாலும் பதிவேட்டுல எழுது."

யானையை அழித்தார். அழித்ததைப் போட்ட குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். அரைகுறை வேலை அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

சனிக்கிழமை காலை கணினி முன் உட்கார்ந்த மனைவி ஒரு மணி நேரம் தேடினாள். "என் படமெல்லாம் எங்கேங்க?" என்று கேட்டாள். "நாற்பதும் போச்சு. திங்கக்கிழமை நான் என்னத்தைக் கொண்டு போய்க் கொடுப்பேன்?"

கண்காணிப்பாளர் உடனே விசாரணை தொடங்கினார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அவர் வாண்டுவைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்.

"நீதானே அழிச்சே?"

"நான் இல்ல."

"அன்னைக்குப் பால் ஊத்தினது யாரு?"

"நான்தான். ஆனா..."

"ஒத்துக்கிட்டான், பார்!" என்று மனைவி பக்கம் திரும்பினார். "வாய்வார்த்தை எதுக்கு? எழுத்துல ஆதாரம் இருக்கு. பதிவேட்டை எடுத்துட்டு வாம்மா. சத்தமா படி, எல்லாருக்கும் கேக்கட்டும்!"

மகள் படித்தாள். "திங்கள். அப்பா டீயை கீபோர்டு மேல கொட்டினார். உறை இருந்ததால் தப்பிச்சது. புதன். அப்பா கயிறு தடுக்கி விழுந்தார். மவுஸ் ஓரம் உடைஞ்சது. வெள்ளி. அம்மா வரைஞ்ச யானைப் படங்களை அப்பா அழிச்சார். நான் வேண்டாம்னு சொன்னேன்."

மனைவி பதிவேட்டை வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே கணவரின் கையெழுத்து, வட்ட முத்திரை, அவரே எழுதிய ஒரு வரி: 'பார்வையிட்டேன். நடவடிக்கை தேவையில்லை.'

"நேத்தே அம்மாகிட்ட ஏன்டி சொல்லலை?" என்றாள் மகளிடம்.

"அப்பா கையெழுத்துப் போட்டுட்டாங்கம்மா. படிச்சிருப்பாங்க, எப்படியாவது திருப்பிக் கொண்டு வந்துடுவாங்கன்னு நினைச்சேன்."

மனைவி நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கண்காணிப்பாளர் தொண்டையைக் கனைத்தார். "பிரிவு மூணுல ஒரு திருத்தம் கொண்டு வரணும்," என்றார். 

மகள் பதிவேட்டை எடுத்துப் போய் ஓரமாக உட்கார்ந்து இரண்டு வரி எழுதினாள். வழக்கம்போல அப்பாவிடம் நீட்டினாள். கடமை என்று வந்துவிட்டால் இருபத்திரண்டு வருட அனுபவம் தயங்குமா? அவர் கை தானாகப் பேனாவைத் திறந்தது, எழுதியது, கையெழுத்திட்டது, முத்திரையும் குத்தியது. அந்தப் பக்கம் இன்றும் பத்திரமாக இருக்கிறது:

'சனி. அம்மா அழறாங்க. ஒண்ணுமே செய்யாத தம்பி இன்னும் சுவரைப் பார்த்து நிக்கிறான்.'

'பார்வையிட்டேன். நடவடிக்கை தேவையில்லை.'