டயாந்தஸும் உன் அக்காவின் மூக்கும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காள் கணவன் எழுதுவது. நீயும், உன் வீட்டாரும், நீ வேலை பார்க்கும் நர்சரியில் உள்ள சகல செடிகொடிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீ விதை அனுப்பிய டயாந்தஸ் பூச்செடியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாததால்தான் இந்தக் கடிதம்.

காய்ச்சலுக்குப் பிறகு உன் அக்காவுக்கு வாசனை தெரியாமல் போனது உனக்குத் தெரியும். அடுப்பு அணைந்து கேஸ் கசிந்துகொண்டிருக்க, அவள் பக்கத்திலேயே நின்று நிதானமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வருடம் தீயணைப்பு வண்டியில் போனவன் நான். அன்றைக்கு ஜன்னல் கொக்கியைத் திறக்க மூன்று முறை தடுமாறினேன். "என்னங்க, ஏன் இப்படி முழிக்கிறீங்க?" என்று அவள் கேட்டாள். தினமும் நல்ல மணத்தை முகர்ந்து பழகினால் மூக்கு திரும்பலாம் என்று டாக்டர் சொன்னார். கிராம்பு மாதிரி மணக்கும் என்று எழுதி நீயும் விதை அனுப்பினாய்.

உன் குறிப்பில் "தண்ணி அளவா விடுங்க" என்று இருந்தது. தண்ணீரில் எனக்குத் தெரிந்த ஒரே அளவு, நெருப்பு அணைகிற வரைக்கும். ஜன்னலுக்குக் கீழே பாத்தி கட்டி, விதை தூவி, குழாயைத் திறந்துவிட்டேன். முளைத்தது, ஒரு விரல் உயரம் வளர்ந்தது, பிறகு அடித்தண்டு கறுத்து வரிசையாகச் சாய்ந்தது. மிச்ச விதையைத் தொட்டியில் போட்டேன். தொட்டி என்றால் பழைய பெயின்ட் டப்பா. அடியில் ஓட்டை போடச் சொல்லியிருந்தாய், ஆனால் தண்ணீர் ஒழுகும் வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனசு என் உத்தியோகத்தில் யாருக்கும் வராது. அதுவும் அழுகியது. அவளோ "பூத்துச்சா? பூத்துச்சா?" என்று கேட்டபடி இருந்தாள். ஒருநாள் அவள் மத்தியானம் தூங்கும்போது தள்ளுவண்டிக்காரரிடம் பூத்த டயாந்தஸ் மூன்று தொட்டி வாங்கி, இரண்டைப் பாத்தியில் நட்டு, ஒன்றை ஜன்னல் விளிம்பில் வைத்து, "நம்ம விதைதான்!" என்று சொல்லிவிட்டேன். இந்த முறை மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர் விட்டேன். வாடிய பூவைக் கிள்ளினேன். வெயில் நகர நகரத் தொட்டியையும் நகர்த்தினேன். தினமும் காலையில் அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருவேன்.

"ஏதாவது தெரியுதா?"

"இல்லீங்க. உங்களுக்கு?"

"அப்பப்பா, மூக்கைத் துளைக்குது!"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. புகை தெரிகிறது, டீசல் தெரிகிறது, பூ மட்டும் தெரியவில்லை. இத்தனை வருடம் புகை தின்ற மூக்கு மெல்லிய மணத்தைக் கைவிட்டுவிட்டது போலும். உண்மையைச் சொன்னால், இனி கேஸுக்கு யார் காவல் என்று பயப்படுவாள். மணக்கிறது என்று சொன்னால், தனக்கு மட்டும் தெரியவில்லையே என்று தலைகுனிகிறாள். இப்படியே நாற்பது நாள் ஆகிவிட்டது. இனி என்னால் முடியாது. நாளைக் காலை செடிகளைப் பிடுங்கிவிட்டு, கரண்ட் அடுப்பு வாங்கப் போகிறேன். நீயும் இனி அவளிடம் பூப் பேச்சை எடுக்காதே.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். உன் பிள்ளைகள் செழிப்பாக வளரட்டும். என் கை ராசி உனக்குத் தெரியுமாதலால் தூரத்திலிருந்தே ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்

பின்குறிப்பு: நான் தபால்தலை தேடப் போன நேரத்தில் உன் அக்கா இதை முழுக்கப் படித்துவிட்டாள்.

"டப்பாவுல அழுகினது நாலே நாள்ல பூத்துக் குலுங்குமா? சந்தேகம் வந்து அன்னிக்கே நம்ம தெரு வண்டிக்காரரைக் கேட்டேன். அது கண்ணுக்கு அழகான ரகம், வாசனையே கிடையாதாம். உங்க மூக்குக்கு ஒண்ணும் ஆகலை."

"உன் மூக்கு?"

"எனக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. முதல்ல தெரிஞ்சது உங்க சட்டையில எரு நாத்தம்."

"ஏன் சொல்லலை?"

"சைரன் கேட்டா பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடின ஆளு நீங்க. இப்பத்தான் காலையில பத்து நிமிஷம் பக்கத்துல உட்கார்றீங்க. சொல்லியிருந்தா உட்காருவீங்களா?"

செடிகளைப் பிடுங்கப் போவதில்லை. நிஜமாகவே மணக்கிற ரகத்தில் இன்னொரு பொட்டலம் அனுப்பு. மெதுவாகப் பூக்கிறதாக இருந்தாலும் பரவாயில்லை.