துடக்கு டொக்டர்

“துடக்குப் பெட்டி. தொடக்கூடாது. அறியாமல் தொட்டவர்கள் ஒளிக்காமல் டொக்டரிடம் சொல்லவும். வியாழன்.”

பிஸ்கட் பெட்டியொன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் நீலப் பேனாவால் இப்படி எழுதிய அட்டை இப்போதும் என்னிடம் இருக்கிறது. நெடுந்தீவில், மீன்காரர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு ஐஸ் பெட்டியின் மூடியில் அது ஒட்டப்பட்டிருந்தது. வியாழன் என்பது பிழை. அன்று வெள்ளி. குறிகட்டுவான் படகு ஓடாத நாட்களை நான் குறித்து வைப்பதுண்டு. அந்தக் குறிப்பும் பாடசாலை நேரசூசியும் வெள்ளி என்றே சொல்கின்றன. எழுதியவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

சாவும் பிறப்பும் நடந்த வீட்டை ஒட்டிக்கொள்ளும் தீட்டை எங்கள் பக்கத்தில் துடக்கு என்போம். இரண்டு வீட்டுக்கும் போகாமலே நாள் முழுவதும் துடக்குக் காத்த மனிதர் தீவுப் பகுதி முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். பெட்டியின் சொந்தக்காரர் அவர்தான். அனுமதிக் கடிதத்தில் அவருக்கு நீண்ட அழகான பெயர் ஒன்று இருந்தது. தீவு அதை ஒரு கிழமைக்குள் மறந்து, டொக்டர் என்றே கூப்பிட்டது.

சரவணை என்ற ஊர்க்காரி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. வேலணையிலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியாரான நான் சின்னத்தம்பி அண்ணை வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். பின்னறை அவருக்குக் கிடைத்தது. சின்னத்தம்பி அண்ணைக்கு மாடும் உண்டு, மற்றவர்களுடைய மாட்டைப் பிடித்துக் கட்டும் தைரியமும் உண்டு. டொக்டருக்குத் தேவைப்பட்டது இரண்டாவது.

வந்த அன்றே அவரிடம் முழங்கால் நோவோடு ஒரு அம்மா வந்தார்.

“நான் வருத்தம் பாக்கிற டொக்டர் இல்லை அம்மா.”

“பரவாயில்லை பிள்ளை, தெரிஞ்சதைச் சொல்லுங்கோ.”

உண்மையில் அவர் செய்ய வந்தது இது. நெடுந்தீவில் கோடை முற்றினால் கிணறு உவர்க்கும். மாடும் ஆடும் பனையும் நண்டும் அந்த உவரோடுதான் சீவிக்கின்றன. அப்போது ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் எந்த எந்த மரபணு விழித்துக்கொள்கிறது, அவற்றில் எவை நான்குக்கும் பொதுவானவை என்று பார்க்கவேண்டும். தீவின் காட்டுக் குதிரைகளுக்கும் கேட்டிருந்தார். அனுமதி கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் குதிரை நின்றிருக்காது.

விறாந்தையில் இருந்து ஒருநாள் எங்களுக்கு விளக்கினார்.

“கலியாண வீட்டுச் சமையல்காரருக்கு நூறு கறி தெரியும். இண்டைக்கு என்ன கறி எண்டு எப்பிடி அறியிறது? அவர் குசினிக்கு எழுதி அனுப்புற துண்டைப் பாக்கவேணும். உடம்பும் அப்பிடித்தான் அண்ணை. மரபணு எல்லாம் உள்ளுக்குப் பூட்டியிருக்கும். தேவையானதை மட்டும் துண்டில எழுதிக் குசினிக்கு அனுப்பும். சமைச்சு முடியத் துண்டைக் கிழிச்சுப் போடும். அந்தத் துண்டுதான் ஆர்.என்.ஏ. கிழிய முதல் பிடிச்சு, எந்தத் துண்டு எத்தினை எண்டு மிசினில வாசிக்கிறதுதான் என்ர வேலை.”

“மாட்டின்ர துண்டையும் பனையின்ர துண்டையும் பக்கத்தில வைச்சுப் பாப்பியளோ?” என்றார் சின்னத்தம்பி அண்ணை.

“ஓம்.”

“அப்ப பொருத்தம் பாக்கிறியள்.”

“கிட்டத்தட்ட.”

“செவ்வாய் ஆருக்கு?”

இந்தத் துண்டுகளைப் போல் தொட்டாற்சுருங்கியான பொருள் உலகில் இல்லை. மனிதனுடைய வியர்வையிலும் எச்சிலிலும் அவற்றைக் கிழித்துப்போடும் ஏதோ ஒன்று இருக்கிறதாம். ஆகவே டொக்டர் கையுறையைக் கழற்றுவதில்லை. கையுறையோடு தேத்தண்ணி குடித்தார். கையுறையோடு ஓட்டோ மறித்தார். கோவில் வாசலில் செருப்பைக் கழற்றினார், கையுறையைக் கழற்றவில்லை. குழாயின் மூடி திறந்திருக்கும்போது ஒருவரும் கதைக்கக்கூடாது, தும்மக்கூடாது, காற்று வரும் பக்கமாக நிற்கக்கூடாது. நெடுந்தீவில் கதைக்காமல் மாடு பிடிப்பது இயலாத காரியம். காற்றில்லாத இடம் தேடுவது அதைவிட.

வில்லங்கம் மணியத்தார் வீட்டில் வந்தது. மணியத்தாரிடம் ஒரு கிழட்டுப் பசு இருந்தது. பிள்ளைகளுக்கு அள்ளிவைத்த நல்ல தண்ணீரைத் தட்டிவிட்டு உவர்க் கிணற்றுக்குப் போகும் பசு. டொக்டருக்கு அதைவிட வேறு மாடு கண்ணில் படவில்லை. இரத்தம் எடுக்கப் போன இடத்தில், கீழே வைத்திருந்த குழாயொன்றை மணியத்தார் உதவியாக எடுத்துக் கொடுத்தார். டொக்டர் பதறிப்போய், “ஐயோ தொடாதேங்கோ” என்று சொல்லி, அவர் கண்முன்னாலேயே அந்தக் குழாயை எறிந்துவிட்டு, தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தார்.

மணியத்தார் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“நாங்கள் தொட்டா என்ன பிள்ளை, ஒட்டிக்கொள்ளுமோ?”

டொக்டர் மும்முரத்தில் “ஓம்” என்றார்.

மணியத்தார் பசுவை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. தொடாதே என்ற சொல்லுக்கு எங்கள் ஊர்களில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பின்னேரத்துக்குள் செய்தி தீவைச் சுற்றிவிட்டது. படித்த பெட்டை வந்து மணியத்தார் தொட்டதை எறிந்தாளாம். அடுத்த நாளிலிருந்து டொக்டருக்கு மாடில்லை, ஆடில்லை. பனை வடலிக்குப் பக்கத்தில் போனாலும் யாராவது வேலிக்கு வெளியே வந்து நின்று பார்த்தார்கள்.

அவருக்குக் காரணமே விளங்கவில்லை. சின்னத்தம்பி அண்ணைதான் கேட்டார்.

“அவர் கையில அப்பிடி என்ன பிள்ளை இருக்கு?”

“அவற்ற கையில மட்டுமே அண்ணை? என்ர கையில இருக்கு. உங்கட கையில இருக்கு. அதுக்குத்தானே நான் இதைப் போட்டுக்கொண்டு திரியிறன்.”

“கண்ணுக்குத் தெரியாது?”

“தெரியாது.”

“தொட்டாப் பரவும். ஆர் எவரெண்டு பாக்காது.”

“பாக்காது.”

“அப்ப இது துடக்கு.”

டொக்டர் யோசித்தார். யோசித்துவிட்டு “ஓம்” என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஓம்களில் ஆகப் பெரிய கரைச்சலைக் கொண்டுவந்தது அதுதான். ஆனால் அன்று அது மருந்தாக வேலை செய்தது. மறுநாள் காலை மணியத்தார் தலை முழுகி, பசுவையும் முழுக வார்த்து, தானே கூட்டிக்கொண்டு வந்தார்.

“உங்களுக்கும் துடக்காமே?”

“எனக்குத்தான் ஐயா கூட.”

மணியத்தார் சிரித்தார். “அப்பிடியெண்டா எனக்கும் ஒரு சோடி கிளவுஸ் தாருங்கோ.”

கொடுத்தார். அதன்பின் மணியத்தார் அதைக் கழற்றவில்லை. கடைக்கும் போனார், சனசமூக நிலையத்துக்கும் போனார். பத்திரிகையைக் கையுறையோடு புரட்டினார். மனைவி பாக்கியம் அக்கா, “அந்த மனுசன் படுக்கேக்கையும் கழட்டுதில்லை” என்று என்னிடம் முறையிட்டார்.

தீவு முழுவதும் துடக்கை எடுத்துக்கொண்டது. டொக்டர் சொன்னதைவிட இரண்டு மடங்கு கடுமையாக. சின்னத்தம்பி அண்ணை தன் பிரிட்ஜிலிருந்து மீனை வெளியேற்றி, குழாய்களை உள்ளே வைத்தார். செத்தவீட்டுக்குப் போய்வந்தவர் வளவுக்குள் காலடி வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டார். டொக்டர் இது தேவையில்லை என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். “நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ பிள்ளை, துடக்கு எங்களுக்குத் தெரியும்” என்று பதில் வந்தது.

பிறகு சோழகக் காற்று மூர்க்கமாகியது. வெள்ளிக்கிழமை (வியாழன் அல்ல) படகு நின்றது. அன்றே எங்கோ கம்பி அறுந்து மின்சாரமும் நின்றது. பிரிட்ஜ் அலுமாரியாகிவிட்டது. வைத்தியசாலையிலிருந்த குளிர்ப்பெட்டி பிள்ளைகளின் தடுப்பூசிக்கே போதாது. அங்கே கேட்க டொக்டருக்கு மனம் வரவில்லை. குழாய்கள் ஐஸ் பெட்டிக்குள் போயின. அட்டை ஒட்டப்பட்டது. அதை எழுதிய சின்னத்தம்பி அண்ணை கதிரையைப் போட்டுக் காவலிருந்தார்.

அந்தத் துண்டுகள் ஊறுகாய் போல ஒரு திராவகத்துக்குள் கிடந்தாலும் எங்கள் வெக்கைக்கு அதிகம் தாங்காது. மழை நெருங்கிவிட்டது, இனி எடுக்கவும் முடியாது. முதல் மழை விழுந்தால் கிணறு இனிக்கும், உடம்பு வேறு துண்டு எழுதும். பிறகு அடுத்த கோடைதான். அந்தக் கிழட்டுப் பசு அடுத்த கோடையைக் காணும் என்று யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மணியத்தார் இறந்தார். மாட்டுக்குத் தண்ணீர் அள்ளிவிட்டு வந்து கதிரையில் இருந்தவர், எழும்பவில்லை.

மகள் வேலணையில். படகு ஓடினால்தான் வரலாம். அதுவரை உடலை வைத்திருக்கவேண்டும் என்பதால், கரையில் மீன் வாங்கும் மரியதாஸ் தன்னிடமிருந்த ஐஸ் முழுவதையும் செத்தவீட்டுக்கு ஏற்றிவிட்டார். ஞாயிறு காலை டொக்டர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே பாதி தண்ணீர். மரியதாசிடம் ஓடினார்.

“எங்கட வேதத்தில உந்தத் துடக்கு இல்லைத் தங்கச்சி,” என்றார் மரியதாஸ். “ஐசும் இல்லை. எல்லாம் மணியத்தாரிட்ட.”

டொக்டரும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செத்தவீட்டு வாசற் படலைக்குப் போனோம். சின்னத்தம்பி அண்ணை எங்களுக்கு முதல் போய்ப் படலையில் நின்றார்.

“பெட்டி உள்ளுக்குப் போகேலாது.”

“அண்ணை, ஐஸ் வேணும்.”

“செத்தவீட்டு ஐஸ். துடக்கு.”

“அந்தத் துடக்கு வேற, இந்தத் துடக்கு வேற அண்ணை.”

“அதென்ன, ஐயரிட்ட ஒண்டு, உங்களிட்ட ஒண்டோ? நான் கேக்க நீங்கள்தானே ஓம் எண்டனீங்கள்.”

“குழாய் எல்லாம் மூடியிருக்கு. ஐஸ் வெளியாலதான் நிக்கும். ஒண்டும் செய்யாது.”

“ஒண்டும் செய்யாதெண்டா, இவ்வளவு நாளும் எங்களை ஏன் தும்ம விடேல்லை?”

மூடி திறந்திருக்கும் நேரத்துக்கும் மூடியிருக்கும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டொக்டர் விளக்கத் தொடங்கினார். நல்ல விளக்கம். கேட்க ஆளில்லை. படலையில் நின்ற ஆட்கள் எல்லோரும் சின்னத்தம்பி அண்ணை பக்கம். எல்லோரும் அந்தக் குழாய்களைக் காப்பாற்றத்தான் நின்றார்கள். டொக்டருடைய வேலையை டொக்டரிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் எனக்குக் கேட்டது.

உள்ளேயிருந்து பாக்கியம் அக்கா வந்தார்.

“ஆர் இங்க துடக்குக் கதைக்கிறது?”

சின்னத்தம்பி அண்ணை சொன்னார். அக்கா முழுவதையும் கேட்டார். டொக்டரைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

“எங்கட பசுவின்ரதும் உதுக்குள்ளயோ?”

“ஓம் அக்கா.”

“மனுசன் கிளவுசோடதான் போனவர். நான் இன்னும் கழட்டேல்லை. அவற்ற கைப் பக்கத்து ஐசை அள்ளுங்கோ. அதில துடக்கில்லை.”

சின்னத்தம்பி அண்ணை அந்த நியாயத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். ஓட்டை ஒன்றும் அகப்படவில்லை.

“அது சரி,” என்றார். படலையை விட்டு விலகினார்.

ஐசை அள்ளியவர் சின்னத்தம்பி அண்ணைதான். வலக்கைப் பக்கத்திலிருந்தும் இடக்கைப் பக்கத்திலிருந்தும் மட்டும். தலைமாட்டு ஐசை அவர் தொடவில்லை.

திங்கள் படகு வந்தது. வந்த படகில் மகள் வந்தாள். போன படகில் பெட்டி போனது. வாசிக்கும் இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தவற்றில் மாடும் ஆடும் பனையும் பிழைத்தன. நண்டு மட்டும் பழுதாகிவிட்டது. நண்டு ஒருநாளும் தலை முழுகியதில்லை என்பது சின்னத்தம்பி அண்ணையின் விளக்கம். அது முழுகியபடியேதான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். “உப்புத் தண்ணி கணக்கில்லை மாஸ்டர், நீர் பேசாமல் இரும்” என்றார். பசுவின் துண்டுகளிலும் வடலியின் துண்டுகளிலும் சில ஒரே மாதிரி எழுதப்பட்டிருந்தன என்று டொக்டர் தொலைபேசியில் சொன்னார். இன்னும் பார்த்து முடியவில்லை, ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றார். பொருத்தம் உண்டு என்று தீவில் எல்லோருக்கும் தெரியும்.

மணியத்தாரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு டொக்டர் சரவணையிலிருந்து வந்துபோனார். அன்று எனக்குப் பாடசாலைக் கூட்டம், போக முடியவில்லை. பந்தியில் அவர் மற்றவர்களோடு இருந்து, கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் சாப்பிட்டார் என்று கேள்வி. பாக்கியம் அக்கா இரண்டு கையுறையையும் கழற்றினவ என்கிறார். சின்னத்தம்பி அண்ணை, சாப்பிடுகிற கையை மட்டும்தான் என்று அடித்துச் சொல்கிறார். ஆனால் கிழமை விஷயத்தில் அவருடைய ஞாபகம் எப்படிப்பட்டது என்பது அட்டையைப் பார்த்தால் தெரியும். வேறு சாட்சி இல்லை. இது இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை. நான் இரண்டு என்றே எழுதி வைத்திருக்கிறேன்.