நியூசிலாந்துக்கு ஒரு மாதிரிப் பரீட்சை

தனியாக இருந்து பழகுவதற்கு உலகத்தில் எத்தனையோ நல்ல இடங்கள் இருக்கின்றன. திருகோணமலை அதில் சேராது. அதுவும் நீங்கள் அங்கே பல வருடமாகக் கணக்கு ரியூஷன் கொடுப்பவராக இருந்தால் தனிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. மீன் வாங்கப் போனால், மீன் வெட்டுகிறவர் தன் மகன் இந்த முறையாவது கணக்கில் தேறுவானா என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார். இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும் ஒரு சனிக்கிழமை நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நாற்பது வயதைத் தாண்டியதும் எனக்கு ஓர் ஆசை வந்தது. நியூசிலாந்துக்குப் போய், ஒரு கேம்பர் வானை வாடகைக்கு எடுத்து, மூன்று கிழமை, இருபத்தொரு நாளும் தன்னந்தனியாக ஓட்டித் திரிய வேண்டும். (படுக்கை, குசினி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அந்த வானுக்குள்ளேயே இருக்கும். இரவானால் நிறுத்திவிட்டு உள்ளேயே படுத்துவிடலாம்.) ஆசை வந்த இடம் யூடியூப். ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏரிக்கரையில் வானின் பின்கதவைத் திறந்து வைத்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு கோப்பி குடிக்கிறாள். சுற்றுவட்டாரத்தில் ஒரு மனிதர் இல்லை. ஏன் இன்னும் கலியாணம் கட்டவில்லை என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. அந்த வீடியோவை நான் எத்தனை தரம் பார்த்தேன் என்று சொன்னால் என்னிடம் படிக்கிற பிள்ளைகள் அதற்குப் பிறகு என்னை மதிக்கமாட்டார்கள்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, கக்கூசு எங்கே இருக்கும் என்பது. படுக்கைக்குக் கீழே, இழுப்பறை மாதிரி ஒன்றுக்குள் இருக்கும் என்று ஆர்வத்தோடு படம் காட்டி விளங்கப்படுத்தினேன். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. இரண்டாவது கேள்வியை அவர் கேட்கவே இல்லை. அப்பா போன பிறகு ஓர்ஸ் ஹில் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் போனால் மூன்று கிழமை அம்மா தனியே. அந்தக் கேள்வி அவர் வாயில் நிற்பது எனக்குத் தெரிந்தது. தெரியாததுபோல் இருந்துவிட்டேன்.

கடைசியில் அம்மா சம்மதித்தார், ஒரேயொரு நிபந்தனையோடு. விசா கைக்கு வரும்வரை ஒருவருக்கும் மூச்சு விடக் கூடாது. எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவர்கள் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொன்னால் நாவூறு பட்டுவிடும், விசா மறுக்கப்படும். பக்கத்து ஒழுங்கையில் ஒரு பெட்டை பயணப்பெட்டி வாங்கியதையே எல்லோருக்கும் காட்டினாளாம், விசா வரவில்லை, இன்னும் வீட்டில் அந்தப் பெட்டிக்குள்தான் உடுப்பு வைத்து எடுக்கிறாளாம். நான் நிகழ்தகவு படிப்பிக்கிறவள். வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் எதற்கும் இருக்கட்டும் என்று சாமிப் படத்துக்கு முன்னால் சத்தியமும் பண்ணிக்கொடுத்தேன்.

விசாவுக்கு விண்ணப்பித்தாயிற்று. இனிச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எந்தப் பரீட்சைக்கும் முன்னால் ஒரு மாதிரிப் பரீட்சை வைக்கிறது என் தொழில். ஒரு முழுநாள் வானுக்குள்ளேயே சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழும்பிப் பார்க்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். என்னோடு விஞ்ஞானம் படிப்பிக்கிற ரிஹானா டீச்சர் கிண்ணியாவில் இருந்து வருகிறவர். அவருடைய கணவர் சந்தைகளுக்குப் புடவை கொண்டுபோகிற வான் ஒன்று வைத்திருந்தார், பின்பக்கம் ஆசனங்கள் கழற்றியது. அலுமாரி ஒன்று ஏற்றவேண்டும் என்று பொய் சொல்லி அதை வாங்கினேன். (சத்தியம் சத்தியம்தானே.)

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீட்டுச் சத்தம் ஒருநாளும் மதிலைத் தாண்டியதில்லை என்பது அம்மாவின் பெருமை. அக்கம்பக்கத்தில் தாயும் மகளும், மாமியும் மருமகளும் கொழுவிக்கொண்டால் விலக்குத் தீர்க்க அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் சேலையை மாற்றிக்கொண்டு, ஒரு நீதிபதியின் நடையில் போவார். அந்தப் பெயரைக் காப்பாற்ற அவர் எத்தனையோ கோபங்களை என்னிடம் காட்டாமல் விழுங்கியிருக்கிறார்.

சனிக்கிழமை காலை நான் மெத்தை, தலையணை, உடுப்புப் பை, சின்னக் காஸ் அடுப்பு, மடிப்புக் கதிரை என்று ஒவ்வொன்றாக வானில் ஏற்றினேன். கடைசியாக அம்மாவின் மூடி போட்ட சில்வர் சட்டியையும் எடுத்தேன். பால் காய்ச்ச அது ஒன்றுதான் அடிப்பிடிக்காதது. அம்மா கேற்றுவரை பின்னால் வந்தார்.

"போறதெண்டாப் போ. என்ர சட்டியை வைச்சிட்டுப் போ."

நான் வைக்கவில்லை. கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு வானை எடுத்தேன். பக்கத்து வீட்டு நேசம் மாமி மதிலுக்கு மேலால் பூக்கண்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் கண்டேன். தண்ணீர் ஒரே கண்டுக்கே போய்க்கொண்டிருந்தது. அதை நான் அப்போது கணக்கில் எடுக்கவில்லை.

நியூசிலாந்தின் தென்தீவு முழுவதையும் சுற்றப்போகிற நான் அன்று ஓட்டிய தூரம் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். ஓர்ஸ் ஹில்லில் இருந்து இறங்கி, உள்துறைமுகக் கரையோரம் மரநிழலில் நிறுத்தினேன். அதற்குமேல் போகப் பயம். நிறுத்திய பிறகும் யாராவது வந்து இடித்துவிடுவார்களோ என்று பயந்து நான்கு மூலையிலும் மஞ்சள் விளக்கை மின்னவிட்டேன். அம்மாவின் பழைய சேலைகளைத் திரைச்சீலையாகக் கட்டினேன். பற்றரியில் ஒரு விசிறியைக் கொழுவினேன். பின்கதவைத் திறந்து, கதிரையைப் போட்டு, கோப்பியோடு உட்கார்ந்தேன். கடல் அசையாமல் கிடந்தது. தனிமை வந்துவிட்டது என்றே நம்பினேன்.

முதலில் வந்தது மான். திருகோணமலை மான்களுக்கு வெட்கம் கிடையாது. நான் தேசிக்காய் தேடித் திரும்புவதற்குள் அது வானுக்குள் தலையை விட்டு, மத்தியானச் சமையலுக்கு வைத்திருந்த கீரைக்கட்டை இழுத்துத் தின்றுவிட்டது. சரி, கீரை இல்லாவிட்டால் வெங்காயக் குழம்பு என்று, மான் மறுபடி தலையை விடாமல் திரைச்சீலையை இழுத்துவிட்டுச் சின்ன வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினேன். திரை மூடிய வானுக்குள் வெங்காயம் உரித்தவர்களுக்குத்தான் அந்தக் கண்ணீரின் அளவு தெரியும். மூக்கும் ஒழுகியது. அந்த நேரம் பார்த்துத் திரைச்சீலையை விலக்கினார் நேசம் மாமி. கையில் இடியப்பமும் சொதியும்.

மாமி என்னைப் பார்த்தார். தலையணையைப் பார்த்தார். உடுப்புப் பையைப் பார்த்தார். காற்று வாங்க வந்தேன் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னேன். தலையணையோடு காற்று வாங்குகிறவள் உலகத்தில் இருக்கமாட்டாள் என்பது எனக்கே விளங்கியது. வெங்காயம் என்று சொல்லி, அதைப் போட்டு வைத்திருந்த அம்மாவின் சட்டியைக் காட்டினேன். அந்தச் சட்டியைக் கண்டதும் மாமியின் கண்ணும் கலங்கிவிட்டது.

"அழாத பிள்ளை. பெத்ததுகள் ஒண்டு சொல்லுங்கள்தான். அதுக்காக வீட்டை விட்டு வாறதே?"

நியூசிலாந்து என்ற ஒரு சொல் போதும், எல்லாம் முடிந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. விசா ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். கோபித்துக்கொண்டு வந்தவளும் அப்படித்தானே வாயை மூடிக்கொண்டிருப்பாள்? அதற்குப் பிறகு நான் பேசாமல் இருந்த ஒவ்வொரு நிமிடமும் அம்மாவுக்கு எதிரான சாட்சியாகிக்கொண்டே போனது.

மாமி போய்ச் சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லிவிட்டார். அவர் சொல்லாமல் விட்டவர்களை மஞ்சள் விளக்கு கூப்பிட்டது. மாணவிகளின் தாய்மார் வந்தார்கள். ஒருவர் சோறு, ஒருவர் தோசை, ஒருவர் போட்டுப் படுக்க நல்ல பாய். மதியம் திரும்புவதற்குள் நான் மூன்று கிழமைக்குத் திட்டமிட்டிருந்ததை விடக் கூடுதலான சாப்பாடு வானுக்குள் சேர்ந்துவிட்டது. எனக்குக் கணக்குப் படிப்பித்த, இப்போது ஓய்வுபெற்ற அதிபர் சோமசேகரம் சேரும் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒரேயொரு கதிரைதான் இருந்தது, அதில் அவர் அமர்ந்தார். (தனிப் பயணிக்கு ஒரு கதிரை போதும் என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். சோமசேகரம் சேர் வருவார் என்று எழுதவில்லை.) தாயின் அருமை பற்றி அவர் நெடுநேரம் பேசினார். நான் நிலத்தில் குந்தியிருந்து ஓம் சேர், ஓம் சேர் என்றேன்.

எல்லோரையும் கும்பிட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று சாவியைத் திருப்பினேன். வான் ஒரு தரம் முனகியது, பிறகு அதுவும் இல்லை. விசிறியும் விளக்கும் பற்றரியைக் குடித்து முடித்திருந்தன. வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து வானைத் தள்ளினார்கள். தள்ளி உயிர் வந்ததும், நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்று ஓடஓட ஏறிக்கொண்டார்கள். தனிமைப் பயணத்துக்கென்று ஒழுங்கு செய்த வானில் மெத்தைமேல் ஐந்தாறு பேர், முன்னால் சேர், அவர் மடியில் தோசை. அந்தக் கோலத்தில் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஏறினோம்.

அம்மா கேற்றடியில் நின்றார். வானுக்குள் இருந்து ஊரே இறங்குவதைக் கண்டு, யாரோ செத்துப்போய்விட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தாராம். எல்லோரும் விறாந்தைக்குள் போனார்கள். சேர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லுகிற வீட்டிலே ஒரு சட்டிக்காகக் குமர்ப்பிள்ளையைத் தெருவில் விடலாமா என்று கேட்டார்.

அம்மாவின் முகம் வெளிறியது. எத்தனையோ வீட்டு விறாந்தைகளில் அவர் மற்றவர்களைக் கேட்ட கேள்வி அது. இப்போது அவர் விறாந்தையில், அவர் கதிரையில் இருந்துகொண்டு, அவரையே கேட்கிறார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. விசா போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். அம்மா கையை உயர்த்தி என்னை மறித்தார்.

"ஓம் சேர். நான்தான் ஏசினனான். பிழை என்னிலதான்."

நேசம் மாமி தலையில் கைவைத்தார். ஆளாளுக்கு அம்மாவுக்குப் புத்தி சொன்னார்கள். மாமியார் கொடுமை என்று முன்னொரு காலம் அம்மாவிடம் பேச்சு வாங்கிய ஒரு பெண்மணி அன்று வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தார். அம்மா குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சேரின் தீர்ப்புப்படி, எல்லோரும் பார்த்திருக்க, அம்மா தன் கையாலேயே அந்தச் சட்டியை எனக்குத் தரவேண்டியதாயிற்று. தந்தார். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். பூமி பிளந்தால் வானோடு உள்ளே போயிருப்பேன். பிறகு அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.

அவர்கள் போன பிறகு நான் அழுதேன். இந்த முறை வெங்காயம் இல்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாமே, ஏன் அம்மா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அம்மா கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"விசா வராமல் போனால், நான் வாயைத் திறந்ததாலதான் எண்டு நீ சாகுமட்டும் நினைப்பாய். அதைவிட இவையின்ர பேச்சு பரவாயில்லை. இவ்வளவும் கேட்டிட்டன். இனி நீ போகாமல் இருந்து பார்."

விசா வந்தது. போனேன். ஏரிக்கரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு கோப்பியும் குடித்தேன். சுற்றுவட்டாரத்தில் ஒரு மனிதர் இல்லை. (இரண்டாம் நாளே பேச ஆளில்லாமல், வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற ஆடுகளுக்குப் பின்னம் படிப்பிக்கத் தொடங்கிவிட்டேன். சிலது நன்றாகவே கவனித்தன.) அம்மாவுக்குப் போன் எடுத்தால் அவருக்குப் பேச நேரமில்லை. உல்லாசப் பயணம் என்ற கதையை ஊரில் ஒருவர்கூட நம்பவில்லை. மகள் கோபம் ஆறாமல் நாட்டை விட்டே போய்விட்டாள் என்று முடிவுகட்டி, அம்மாவைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்டார்கள். நேசம் மாமி மூன்று கிழமையும் எங்கள் வீட்டிலேயே படுத்தார். சேர் ஒவ்வொரு பின்னேரமும் வந்து அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். நான் திரும்பி வந்த அன்று, அதற்குள்ளேயா என்று அம்மா கேட்டார்.

விலக்குத் தீர்க்க இப்போது அம்மாவை யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் வேறொரு வேலை கிடைத்திருக்கிறது. நான் துறைமுகப் பக்கம் என் சின்னக் காரை நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், வீட்டில் தொலைபேசி அடிக்கும். என்ன ஏது என்று அம்மா கேட்பதில்லை. "ஓம், நான்தான் ஏசினனான்" என்பார். "கிட்டப் போகாதேங்கோ. ஆறின உடன அவவே வருவா."

அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குருவி வராது. தெரிந்தவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள், மீன் வெட்டுகிறவர் உட்பட. திருகோணமலையில் நான் தனியாக இருக்கிற நேரம் அது ஒன்றுதான். அதை எனக்கு வாங்கித் தருவதற்காக, மாதத்துக்கு இரண்டு தரமாவது அம்மா என்னை ஏசியதாக ஒத்துக்கொள்கிறார்.